வசதி

டெல்ஃபின் திபோடோ காலண்டரோடு வந்தாள்.
ஹீட்டிங் ஆயில் கம்பெனி இலவசமாய்த் தந்தது,
எல்லா மாதத்துக்கும் ஒரே லாரிப் படம்.
வீட்டிலிருந்து வேலை பார்த்த நாளுக்கெல்லாம்
பச்சை மையில் ஒரு புள்ளி.
ஆல்பனிக்குப் போன நாளுக்குச் சிவப்பு என்றாள்.
பன்னிரண்டு தாளும் புரட்டினேன்.
இருநூற்று முப்பத்தேழு பச்சை.
சிவப்பே இல்லை.

'பார்த்தீர்களா? நியூயார்க் பிடித்ததையெல்லாம்
திருப்பித் தரவேண்டும், இல்லையா?'

கிளேர்மான்ட் தெருவில் உப்பு லாரி போனது.
கீழே இரும்புக்கடையில் யாருக்கோ சாவி வெட்டினார்கள்.
ஒரு பதிலைத் தள்ளிப்போட
இந்த ஊரில் எனக்குக் கிடைக்கும் சத்தங்கள் இவ்வளவுதான்.

விதி கேட்பது ஒரே கேள்வி, மிஸஸ் திபோடோ.
வீட்டில் இருந்தது உங்கள் வசதிக்கா,
முதலாளியின் அவசியத்துக்கா?
வசதிக்கு என்றால்
நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள்.

'எங்கே?'

ஆல்பனியில்.

அவள் தன் வசதியைச் சொல்லத் தொடங்கினாள்.
நிலவறை. ஃபர்னஸுக்குப் பக்கத்தில் தையல் மேசை.
ஃபர்னஸ் உறுமத் தொடங்கினால்,
கூரை பறந்துபோய் இழப்பீடு கேட்டு அழைத்தவரை
'ஒரு நிமிடம், சார்' என்று காக்கவைப்பாள்.
ஏப்ரல் பனியில் கரண்ட் போன மூன்று நாள்
நூலக வாசலில் காரை நிறுத்திக்கொண்டு
கையுறையின் விரல் நுனிகளைக் கத்தரித்துவிட்டுத் தட்டச்சு செய்தாள்.
நூலகம் பூட்டிக் கிடந்தது,
வைஃபை மட்டும் சுவரைத் தாண்டி வந்தது.
அந்த மூன்று நாளும் பச்சைதான்.
அந்த மூன்று நாளும் ஆல்பனிதான்.

அவசியம் என்று கம்பெனி எழுதித் தருமா?
கடிதத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்:
'தங்களுக்கு எங்கள் அலுவலகத்தில் என்றும் ஓர் இடம் உண்டு.'
அன்பாகத்தான் எழுதியிருந்தார்கள்.
அந்த ஒரு வரிக்கு விலை போட்டேன்.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு டாலர்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டுமாம்.
இங்கே ஆறு முழுக்க எங்கள் மாநிலத்தினுடையது,
வெர்மான்ட் கரையின் நீர்விளிம்பு வரைக்கும்.
அந்தக் கரையில் ஆல்டன் குயிம்பி இருக்கிறான்,
அவளுக்கும் அவனுக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம்.
அவன் மாநிலம் வரி வாங்குகிறது.
அதனால் நியூயார்க்குக்குக் கட்டியதைக் கழித்துக்கொள்ள
அவன் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.
நாங்கள் சம்பளத்துக்கு வரி வாங்காதவர்கள்.
சுதந்திரம் என்று நம்பர் பிளேட்டில் எழுதிக்கொண்டு திரிகிறவர்கள்.
பூஜ்யத்திலிருந்து எதைக் கழிக்க?

கோட்டை மாட்டிக்கொண்டவள் கதவருகில் நின்றாள்.
'ஒரே ஒரு தடவை போனேன். அக்டோபரில்.
மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள்.
காவலாளியின் பட்டியலில் என் பெயர் இல்லை,
வாசலிலேயே பெட்டியை நீட்டினார்.
ஒரு குவளை, ஸ்டேப்லர், குளிருக்குப் போடும் செருப்பு.
சிவப்பு வைக்கவில்லை. வேலைக்கா போனேன்?'

என்ன கிழமை என்று கேட்டேன்.
சனி.

சனி வேலைநாள் ஆகாது.
அவள் அங்கே போய் நின்ற அந்த ஒரு நாளுக்கு
படிவத்தில் இடமில்லை.

கையெழுத்துக்குத் தாளைத் திருப்பி வைத்தேன்.
பையைத் துழாவிப் பச்சைப் பேனாவை எடுத்தாள்.
கருப்பு மை வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.