பன்னிரண்டாம் எண்

பதினான்கு இரவுகள் என்று பெட்டியில் போட்டிருந்தது.
பதினான்கு இரவும் என் கணவன் வில்மார்
வெந்நீரில் இளக்கிக் கடித்து அச்செடுத்த தட்டை
வாயில் மாட்டிக்கொண்டு படுத்தான்.
பத்து மணிக்கு மேல் பேச்சில்லை.
மின்கட்டணம், கூரை ஒழுக்கு,
அவன் தம்பி திருப்பித் தராத பணம்
எல்லாம் ம்ம், ம்ம் என்று
விடியும்வரை தள்ளிப்போயின.

யாருக்காக என்று நான் கேட்கவில்லை.
ஐம்பத்து மூன்று வயதில் ஒருவன்
கண்ணாடி முன் மேலுதட்டைத் தூக்கி நிற்கிறான்.
என்னவென்று கேட்பது?

மருந்துக்கடை ஒதீலியா கொடுத்த அட்டையில்
பதினாறு பற்கள் வரிசையாக,
சுண்ணாம்பில் தொடங்கிப்
பழைய பியானோக் கட்டையில் முடிந்தன.
அவன் பன்னிரண்டு.
'மாத்தே கூடாது' என்றாள்.
மோன்டெவீடியோவில் ஒருவனிடம்
மூச்சு விடாதே என்று சொல்லிப் பாருங்கள்.
செர்ரோ குன்றுக்குப் பேருந்து ஓட்டுகிறவன்,
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை இல்லாமல்
ஒரு கை குறைந்தவன்போல் இறங்கி ஏறினான்.
வீட்டில் சோறு, தயிர், காலிஃப்ளவர், வேகவைத்த கோழி.
சாப்பாட்டு மேசையில்
ஆஸ்பத்திரி வாடை.

ஐந்தாம் நாள், ஜூலை,
ஆறா கடலா என்று எங்களுக்கே தெரியாத அந்தத் தண்ணீரிலிருந்து
தெற்குக் காற்று ஏறி வந்து
அவன் பல்லுக்குள் கம்பியாய் இறங்கியது.
கழுத்துத் துணியால் வாயை மூடிக்கொண்டு ஓட்டினான்.
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான் என்று சொல்வேன்,
கடிக்கத்தான் முடியவில்லை.

பதினைந்தாம் காலை:
ஆறாம் எண்!
சமையலறைக்கு ஓடிவந்து காட்டினான்.
அப்போதுதான் இருவரும் பார்த்தோம்.
தொண்ணூற்றெட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில்
முழங்கை பட்டு உடைந்த முன்பல்.
பீங்கான்.
பீங்கானில் மருந்து ஏறாது.
அன்றைய வில்மாரின் பத்தாம் எண்ணிலேயே நின்று
பல்லிளித்தது அது மட்டும்.

பிறகு உதட்டை மூடியே சிரித்தான்.

ஆகஸ்டில் விஷயம் தெரிந்தது. கம்பெனி எல்லாருக்கும்
புது அடையாள அட்டை கொடுக்கிறதாம்.
இருபது வருடம் கழித்து முதல் புகைப்படம்.
படம் எடுத்த பையன் சொல்லியிருக்கிறான்:
'சிரிக்கக் கூடாது, ஐயா. வாயை மூடுங்கள்.'
அட்டையைக் குளிர்பெட்டிமேல் வைத்துவிட்டு
தண்ணீர் கொதிக்கவைத்தான். யெர்பாவை நிரப்பினான்.
முதல் உறிஞ்சலில் கண்ணை மூடினான்.
நான் காலிஃப்ளவரைக் குப்பையில் போட்டேன்.

ஆறு எட்டாக இரண்டு வாரம்கூட ஆகவில்லை.
நத்தாருக்கு முந்தின வாரம், கடைசி நிறுத்தத்தில்,
டிக்கெட் சோதிக்கிற அனிபாலோடு எதற்கோ
வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.
பையோடு நின்று பார்த்தேன்.
எது பீங்கான் என்று
எனக்குத் தெரியவில்லை.

கடுகுப் புட்டிக்குப் பின்னால்
பாதி மருந்து இன்னும் இருக்கிறது.
பிப்ரவரியில் மருமகள் கல்யாணம்,
மூன்று இரவு போட்டால் மறுபடி ஏறும் என்கிறாள் ஒதீலியா.
அவன் ம்ம் என்கிறான், வாயில் ஒன்றும் இல்லாமலே.

நேற்று அவனுக்கு இரவுப் பணி.
அந்தத் தட்டைக் கழுவி
என் பல்லில் வைத்துப் பார்த்தேன்.
எந்தப் பக்கம் திருப்பினாலும்
சேரவில்லை.