முதல் திங்கள்

உம்சிந்தோ பள்ளிக்கூடம் இப்போது மியூசியம்.
தகரக் கூரைக்குப் புதுப் பச்சை பெயிண்ட்,
உட்காரக் கூடாதென்று பெஞ்சுகளுக்குக் கயிறு.

கண்ணாடிப் பெட்டியில் வருகைப் பதிவேடு.
ஒரு சமயத்தில் இரண்டு பக்கம்தான்.
மாதத்தின் முதல் திங்களன்று
சரோஜினி படையாச்சி வெள்ளைக் கையுறை மாட்டி
ஒரு தாள் புரட்டுவார்.

டர்பனிலிருந்து போன் வரும்:
"நாற்பத்தேழு ஆகஸ்ட் வந்துவிட்டதா?"
"ஜூன்தான், மிஸ்டர் குப்புசாமி."

வந்தது.
பஸ் பிடித்து வந்தவர்
மூக்கு கண்ணாடியில் இடிக்கக் குனிந்தார்.
இருபத்தோராவது வரி. அக்கா அங்கம்மா.
கரும்பு வெட்டுக் காலம்,
கட்டமெல்லாம் சைபர்.
ஒரு புதன்கிழமையில் மட்டும்
சிவப்பு மையில் ஒரு கோடு.

"அன்றைக்கு மழை பெய்திருக்கும்" என்றார்.

அடுத்த முதல் திங்கள்
கையுறையைக் காணோம் என்று
குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டுக்
கைப்பையை மூடினார் சரோஜினி.