‘ம்’ வந்து சேரும் நேரம்

பெங்களூர், கக்கதாசபுரா, மூன்றாம் மாடி. இரவு பத்தே முக்கால்.
ரோட்டர்டாம் துறைமுகத்திலிருந்து மாதேஷ் கேட்கிறான்:
“டிசம்பர்ல வந்துடட்டுமா?”
“ம்” என்றேன்.
வாயை விட்டுப் போனது தெரியும்.
எங்கே போனதென்று தெரியவில்லை.

திரையில் அவன் முகம் பாதிச் சிரிப்பில் நிற்கிறது.
“பிடிக்கலைன்னா விட்டுடலாம்” என்கிறான்.
அப்போதுதான் போய்ச் சேர்கிறது என் ‘ம்’,
நேராகப் போய்
அந்தக் கேள்விக்குப் பதிலாக உட்கார்ந்துகொள்கிறது.

அரை மாத்திரை எழுத்து.
கண் இமைப்பதில் பாதி.
அதற்கு இரண்டு நொடிப் பயணமா?

அடுத்த அறையில் பெர்பெத்துவா
தம்பி கல்யாணப் படங்களைக் கிளவுடில் ஏற்றுகிறாள்.
நாலாயிரத்து இருநூறு படம்,
தூத்துக்குடி மாதா கோயில் வாசல், அதே மாலை, அதே சிரிப்பு,
ஒவ்வொன்றும் எட்டு எம்பி.
அவளைச் சொல்லிக் குற்றமில்லை.
குற்றம் ஜன்னலோரம் பச்சை மினுக்கும் வெள்ளைப் பெட்டியுடையது.

யார் வந்தாலும் இல்லை என்று சொல்லாது அது.
உள்ளே வா, இடமிருக்கிறது, கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொள் என்று
வந்த படத்தையெல்லாம் வரிசையில் அமர்த்திக்கொண்டு
வெளியே போக மட்டும் ஒற்றைக் கதவு வைத்திருக்கிறது.
இலை போட்டு உட்காரவைத்து
இரண்டு மணிநேரம் சோறு வராத பந்தி.
வாசலிலேயே ஒருவனைத் திருப்பி அனுப்பியிருந்தால்
அனுப்பியவனுக்குப் புரிந்திருக்கும்.

பகலில் எனக்கு இதே வேலைதான்.
மாரத்தஹள்ளியில், கெர்னலுக்குள், வரிசை பார்ப்பவள்.
சில்க் போர்டு சிக்னலை மட்டும் உதாரணம் சொல்லாதே,
எல்லோரும் சொல்லிவிட்டார்கள் என்றார் மேனேஜர், சேர்ந்த முதல் வாரமே.
அதனால் சொல்லவில்லை.

வரிசை எவ்வளவு நீளம் என்று கேட்காதே.
நீளம் பொய் சொல்லும்.
நின்றவன் எத்தனை நேரம் நின்றான், அதைக் கேள்.
உள்ளே வரும்போது நெற்றியில் நேரத்தைக் குத்து,
போகும்போது கழித்துப் பார்.
ஐந்து மில்லிவினாடி பரவாயில்லை.
திடீர்க் கூட்டம் வரும், கலையும், அதற்குக் கோபப்படாதே.
நூறு மில்லிவினாடி பார்த்தும்
ஒருதடவைகூட ஐந்துக்குக் கீழே இறங்கவில்லையா,
முன்னால் நிற்பவனை வெளியே தள்ளு.
ஆமாம், முன்னால் நிற்பவனைத்தான்.
சேதி சீக்கிரம் போகும். அனுப்புகிற கை தானாகத் தளரும்.

இதை ஊருக்கெல்லாம் எழுதிக்கொடுத்துவிட்டு
வீட்டில் செய்யாமல் இருந்திருக்கிறேன், பதினான்கு மாதம்.

கீறல் விழுந்த பழைய லேப்டாப்பைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினேன்.
நாற்பது போகும் வழியில் முப்பத்தெட்டு போதும்;
வரிசை நிற்பதானால் என் கண்முன்னே நிற்கட்டும்.
அவளுக்கொரு வரிசை, எனக்கொரு வரிசை,
கையில் ஒற்றை எழுத்தோடு வருபவர் முதலில் போகலாம்.
கட்டளை ஒரே வரி.

ரோட்டர்டாம் வரை பிங்:
1991, 2004, 1987,
412,
171,
158.
இதற்குக் கீழே குறையாது.
கடல் கடக்க ஒளிக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும்.

“பெர்பெ, படம் ஏறுதா?”
“ஏறுதே. ஏன்?”

மறுபடி கூப்பிட்டேன்.
அவன் மழைக்கோட்டின் ஜிப் இழுபடும் ஓசைகூட
இழுக்கிறபோதே கேட்கிறது.
“கேக்குதா?”
“கேக்குது கேக்குது.”
சொல்லின் வாலைச் சொல் மிதிக்கிறது, சிரித்துவிட்டோம்.

சிரித்த கையோடு கேட்டேன்:
“டிசம்பர்ல வந்தா, திரும்பிப் போவியா?”

அவன் பின்னால் கிரேன் ஒன்று
நீலக் கன்டெய்னரை மெதுவாக இறக்குகிறது.
படம் உறையவில்லை. இமை அசைகிறது.
ஓரத்துக் கறுப்பு ஜன்னலில், நொடிக்கு ஒன்றாக,

158
161
158
159
158