கரைவிடுப்பு

பதினொரு மணி நேரம் கொடுத்தார்கள்.
யொக்காய்ச்சித் துறையில்
எங்கள் கப்பல் எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தது.
ஊருக்குள் போ, ராமென் சாப்பிடு,
மண்ணில் நாலடி நட என்றார்கள்.
நான் போய்
ஏழாயிரத்து நானூறு யென் கட்டி
இன்னொரு கப்பலில் ஏறினேன்.

வாசலில் புறங்கையில் நீல நங்கூரம் குத்தினார்கள்.
வெளியே போனாலும் திரும்பி வரலாம்,
இரவு ஒன்பதுவரை செல்லும்.

இங்கே கடல் இடுப்பளவு.
அடியில் நீலம் பூசியிருக்கிறார்கள்,
ஓரிடத்தில் பெயர்ந்து சிமெண்ட் தெரிகிறது.
நாலு நிமிடத்துக்கொரு அலை;
அது வரும் முன்பே குழந்தைகள் கத்தத் தொடங்கிவிடுகிறார்கள்.
நாக்கில் தொட்டுப் பார்த்தேன்.
குளோரின்.

நீராவிக் கப்பலின் எந்திர அறையைக்
கண்ணாடி வழியே பார்க்கலாம்.
பித்தளையில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.
சூடில்லை, பிசுக்கில்லை.
அழுத்தமானியின் முள்
பச்சையிலேயே நிற்கிறது, ஆடாமல்.
அப்படி நிற்கிற முள்ளை
ஒன்பது வருடத்தில் நான் ஒருமுறைகூட நம்பியதில்லை.

கேப்டன் ஹினானோவுக்கு இருபத்துமூன்று வயதிருக்கும்.
தோளில் நாலு தங்கக் கோடு.
சல்யூட் அடித்தாள், நானும் அடித்தேன்.
போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன்:
நான் நிஜமாகவே கப்பல்காரன், மூன்றாம் எஞ்சினியர்.
வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு
என் போனை வாங்கித் தட்டினாள்:
யாரிடமும் சொல்லாதீர்கள்,
படகில் ஏறினாலே எனக்கு வாந்தி.
நானும் தட்டினேன்:
எனக்கும். ஒவ்வொரு பயணமும். முதல் மூன்று நாள்.

நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை
ஒரு பாய்மரக் கப்பல் கவிழ்கிறது.
புகை, இடி, மணிச்சத்தம்,
கொள்ளைக்காரர்கள் தொப்பென்று விழுகிறார்கள்.
பிறகு சங்கிலி இழுக்க
சொட்டச் சொட்ட நிமிர்கிறது
அடுத்த காட்சிக்கு.
எதிர் பெஞ்சில் ஒரு பையன்
கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.
காலடியில் விழுந்து உருகிக்கொண்டிருந்தது
அவனுடைய முலாம்பழ ஐஸ்கிரீம்.
என்னப்பா, கப்பலா கவிழ்ந்துபோச்சு?
தமிழில்தான் கேட்டேன், வேறெதில் கேட்பது.
என் கை போன திசையில் திரும்பிப் பார்த்தான்.
அங்கே
கவிழ்ந்துகொண்டுதான் இருந்தது.
ஆமாம் என்று தலையாட்டினான்.

மூன்று பத்துக்கு அலை நின்றது.

எந்திரம் ஓடினால் தூங்குவேன்,
நின்றால் விழித்துக்கொள்வேன்.
தரைக்கடியில் அதுவரை ஓர் உறுமல் இருந்தது,
இருந்தது என்பதே அறுந்தபோதுதான் தெரிந்தது.
நூடுல்ஸ் கிண்ணத்தோடு எழுந்து நின்றுவிட்டேன்.
இந்நேரம் நாலு பேர் ஏணியில் இறங்கியிருக்க வேண்டும்.
ஒருவரும் ஓடவில்லை.
படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
தண்ணீர் அப்படியே கிடந்தது,
அதன்மேல் ஒரு சிவப்புச் செருப்பு.

கலங்கரை விளக்கின் அடியில்
பாறைபோல வர்ணமடித்த ஒரு கதவு திறந்தது.
ஓவரால் போட்ட ஆள் வந்தார்,
முழங்கைவரை கிரீஸ்.
பம்ப்பா என்று விரலைச் சுழற்றிக் கேட்டேன்.
உதட்டைப் பிதுக்கினார்,
இரண்டு விரலால் வட்டம் பிடித்துப் பிய்த்துக் காட்டினார்.
சீல்.
போனை வெளியே எடுக்க வேண்டியிருக்கவில்லை.
கழுத்தைத் துடைத்துக்கொண்டு
மறுபடி பாறைக்குள் போய்விட்டார்.

பதினெட்டு நிமிடம். நல்ல கை.
அலை வந்தது, குழந்தைகள் கத்தினார்கள்,
நான் எழுந்து கைதட்டினேன்.
என்னைத் தவிர யாரும் தட்டவில்லை.
இரவு வாணவேடிக்கைக்கு எல்லோரும் தட்டியபோது
நான் பேருந்து வரிசையில் நின்றிருந்தேன்.

ஏறுபாலத்தில் காவலுக்கு டொமினடோர்.
அனுமதிச் சீட்டைப் பார்த்தான், புறங்கையைப் பார்த்தான்,
எந்தக் கடற்படையில் சேர்ந்தாய் என்றான்.
சோப்பு போட்டேன், போகவில்லை.
டீசலில் துணி நனைத்துத் தேய்த்ததில்
நங்கூரத்தின் ஒரு கொக்கி மட்டும் போயிற்று.

புறப்பாடு நாலு மணிக்கு.
நினைவுப்பொருள் வாங்காமலேயே
கடைக்காரி கொடுத்திருந்த
டால்பின் படம் போட்ட பிளாஸ்டிக் பையை
நாலாய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
கீழே இறங்கினேன்.
மூன்று நாளைக்கு உதவும்.