பின்பக்கம்

பகலில் நான் பல் செய்கிறேன்,
லியெபாயாவில், ட்ராம் திரும்புகிற முனையில்,
மெழுகு மணக்கும் ஓர் அறையில்,
முகம் தெரியாத வாய்களுக்கு.
இரவில் பல் எண்ணுகிறேன்:
இரண்டு சென்டிமீட்டருக்குப் பதினொன்றரை.
அஞ்சல்தலையில் ஒரு பல் உடைந்தால் விலை பாதி.
என் தொழிலில் உடைந்தால்தான் விலையே.

கடையில் வாங்கிய ஆல்பத்தில்
என்னிடம் இல்லாதவற்றுக்கெல்லாம் கட்டம் இருந்தது,
கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் அதன் சாயல்.
தாளைத் திருப்பத் திருப்ப
வாசலில் கடன்காரர்கள் வரிசை.
விற்றுவிட்டேன்.
இனிப் பக்கங்களை நானே செய்துகொள்வேன் என்றேன்.
"நீ முடிப்பதற்குள் தபால்காரரே இருக்கமாட்டார்"
என்றான் ஸிந்திஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன்,
பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.

அமிலம் இல்லாத தாள், கெட்டியானது, ரிகாவிலிருந்து வந்தது.
நாலு ஓரமும் ஐந்து மில்லிமீட்டர் விட்டுத்தான் அடிப்பேன்
என்கிறது அச்சு இயந்திரம்.
இருக்கட்டும், எனக்கும் சில பிடிவாதங்கள் உண்டு.
முதல் தாளில் கோடு கோணல்.
அடுத்ததில் மை தீற்றல்.
மூன்றாவதில் 1918 என்ற எண் நெஞ்சை நிமிர்த்தி நின்றது,
அஞ்சல்தலை அதற்கு அடிக்குறிப்பு மாதிரி.
ஏழாவது தாள்தான் வாயை மூடிக்கொண்டு
இடம் கொடுத்தது.

நாட்டின் முதல் அஞ்சல்தலை அது.
சிவப்பில் சூரியன், கதிர்கள், மூன்று நட்சத்திரம்.
ஐந்து கபேய்க்கா.
பல்லில்லாமலும் சில வந்தன,
பிறந்த குழந்தைக்கு ஏது பல்?
தாளுக்குப் பஞ்சமான மாதம்;
ஜெர்மன் படை விட்டுப்போன வரைபடங்களைக்
குப்புறப் போட்டு, முதுகில் அச்சடித்தார்கள்.

என்னிடம் ஆறு.
ஒன்றின் பின்னால் ஓர் ஓடை.
ஒன்றில் பாதிச் சாலை, ஓரமாய் மரங்களின் புள்ளி.
ஒன்றில் ஊர்ப்பெயரின் வால் மட்டும்: ஹோஃப்.
இரண்டில் மேட்டுக்கோடுகள், கட்டைவிரல் ரேகைபோல.
ஒன்றில் எதுவுமே இல்லை,
வரைபடத்தின் விளிம்பாக இருக்கலாம்,
ஏரியாகவும் இருக்கலாம்.

பட்டை வைத்து ஒட்டினால் ஓடை இருட்டுக்குள் போய்விடும்.
அதனால் கட்டம் வரையவில்லை, வெட்டினேன்,
மெழுகு சீவுகிற கத்தியால்,
அஞ்சல்தலையைவிட ஒரு மயிரிழை பெரிதாக,
தாளில் ஆறு ஜன்னல்.
இந்தப் பக்கம் சூரியன்,
அந்தப் பக்கம் யாரோ நடந்துபோக வேண்டியிருந்த வழி.

செவ்வாய்க்கிழமை சங்கத்தில் எக்பெர்ட்ஸ்
உருப்பெருக்கியை நெற்றியில் ஏற்றிவிட்டுச் சொன்னார்:
"கண்காட்சிச் சட்டத்துக்குள் போனால்
பின்பக்கத்தை யாரும் பார்க்க முடியாது, ஆவ்ஸ்மா.
மதிப்பெண் முகத்துக்குத்தான்."
தெரியும்.
சிரித்தால் தெரிகிற பக்கத்துக்குத்தான் என்னிடமும் பாராட்டு.
நாக்கு தொடுகிற பக்கத்தை மெருகேற்றியதற்கு
இதுவரை ஒருவரும் நன்றி சொன்னதில்லை.
மெருகேற்றாமல் விட்டால் மட்டும்
மறுநாளே வந்து நிற்பார்கள்.

இரவு ஸிந்திஸ் தாளை விளக்குக்கு நேரே பிடித்தான்,
சரக்குப்பெட்டியைத் தூக்குகிற கவனத்தோடு.
"ஓடை எங்கே போகிறது?"
பக்கத்து அஞ்சல்தலைக்கு.
"அது எங்கே?"
கடிதத்தில் ஒட்டி யாரோ அனுப்பிவிட்டார்கள்.
ஆறையும் எப்படி அடுக்கினாலும் கரை சேரவில்லை.
அவன் விடவில்லை. பதினொரு மணிவரை
மேஜைமேல் விரலால் ஓடையை நீட்டிக்கொண்டிருந்தான்,
சர்க்கரைக் கிண்ணத்தைச் சுற்றி,
என் முழங்கைவரை.

காலையில் அவன் கிளம்பிப் போயிருந்தான்.
குளிர்பெட்டிக் கதவில் ஒரு துண்டுத் தாள்,
கெட்டியானது, அமிலம் இல்லாதது:
பால். கறுப்பு ரொட்டி. பல்பு.
உருவித் திருப்பினேன்.
கெட்டுப்போன மூன்றாம் தாள்.
கிழித்த இடத்தில் நின்றுவிட்ட 19.