ஐந்தாம் அட்சரம்

கஞ்சிராவுக்குத் தண்ணீர் வேண்டும்.
விரல் நனைத்து உட்புறம் தடவினால்
இறங்கிவந்து பேசும்.
ஹெல்மண்டில் ஒரு பாட்டுக்குள் காய்ந்துவிடும்,
பல்லவி பாதியில் தகரம்போல் கத்தும்.
குடிக்கிற போத்தலைச் சாய்ப்பேன்:
தோலுக்கு ஒரு சொட்டு, எனக்கு ஒரு வாய்.

அப்புத்தளையில் தண்ணீரே வேண்டாம்.
மூன்று மணிக்குப் பள்ளத்திலிருந்து ஏறும் மூடுபனி
ஜன்னலால் நுழைந்து
ஆணியில் தொங்குவதை நனைத்துவிடும்.
தட்டினால் ஈரச் சாக்கு.
ஜெயராணி அதை அடுப்புக்கு மேலே
கருவாட்டுக்குப் பக்கத்தில் கட்டிவைக்கிறாள்.
"கச்சேரிக்காரரே, வாசம் எப்படி?" என்கிறாள்.

இரண்டு நாட்டுக்கும் நடுவே
எந்தச் சுருதியில் நிற்கும் இந்தத் தோல்?
அப்படியெல்லாம் நான் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் அழகாயிருக்கும் என்று
எழுதும்போதுதான் தோன்றுகிறது.

அதன் சலங்கை இரண்டு பழைய காசு,
வளைவளைவாய் விளிம்பு வைத்த ரெண்டு சதம்,
ராணி தலை போட்டது.
பண்டாரவளையில் ஒரு பாத்திரக்கடைக்காரர்
ஓட்டை போட்டுக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை.
அம்மாவுக்கு நாற்பத்தாறு வயதில்தான்
இந்த நாட்டுப் பிரஜை என்று ஒரு தாள் வந்தது.
நான் இருபத்துநாலில்
யோர்க்‌ஷயர் மழைக்குள் நின்று
அதே காசுத் தலைக்கு விசுவாசம் சொன்னேன்.
மருதவீரன் என்பது வாய்க்குள் அடங்காமல்
சார்ஜன்ட் என்னை மார்ட்டி ஆக்கினார்.
கொடுத்த வேலை எண்ணெய் பவுசர் ஓட்டுவது.

சீட்டுக்கு அடியில் கஞ்சிரா.
காசு சத்தம் போடக்கூடாது என்று
கறுப்பு டேப் ஒட்டியிருப்பேன்.
விரலுக்கு டேப் இல்லை.
ஸ்டியரிங் முழுக்க மிஸ்ர சாப்பு.
தொடரில் ஏழு வண்டி, தாளத்தில் ஏழு அட்சரம்,
தகிட மூன்று, தகதிமி நான்கு.
கடைசி 'மி' நான்.
வளைவு வந்தால் முன்னே போகிறவர்களை
ஒவ்வொருவராய்த் தட்டி எண்ணிவிடுவேன்.
ஐந்தாவதில் ஃபிஜிக்காரன் செரு,
தேவாலயத்தில் அடிக்குரல் பாடுகிறவன்.
ராத்திரி ரேடியோவைத் திருகிவிட்டு
"அந்த ஏழை இன்னொரு தடவை சொல்லு மார்ட்டி" என்பான்.
அவன் வாயில் அது டகிடா டாகாடிமி.

ஒரு செவ்வாய்க்கிழமை
போனது ஏழு.
வந்தது ஆறு.
இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஆடித் திருவிழாவுக்குப் பதினாலு நாள் லீவு.
மேல் டிவிசன் கோயிலில் தகரக் கூரைமேல் மழை.
பாடினது டிஸ்பென்சரியில் வேலைசெய்யும் கோமளம்,
வயலின் தபால் கந்தோர் அருமைநாயகம்.
மிஸ்ர சாப்பில் ஒரு கீர்த்தனை எடுத்தார்கள்.

தகிட த — திமி
தகிட த — திமி

நான் விடவில்லை.
விரல்தான் அந்த இடத்தைத் தாண்டிப் போனது.
அருமைநாயகம் ஓரக்கண்ணால் பார்த்தார்.
அடுத்த சுற்றில் அவரும் அங்கே வில்லைத் தூக்கினார்.
அதற்கடுத்ததில் கோமளம் அங்கே மூச்செடுத்தாள்.
மழை மட்டும் அந்த ஓட்டைக்குள் விழுந்தது.
குந்தியிருந்த சனம் முழுதும்
அந்த ஒரு அட்சரத்துக்குக் கை தட்டாமல் காத்திருந்தது.
ஒரு பொடியனைப் பற்றி ஒன்றும் தெரியாமலே.

பிளேன்டீயோடு வந்து அருமைநாயகம் கேட்டார்:
"அந்த அஞ்சாவத விடுறது ஜோரா இருக்கு தம்பி.
வெளிநாட்டுல யாருகிட்ட பழகுன?"
"மழைக்குத் தோல் எளகிப் போச்சுண்ணே" என்றேன்.
பக்கத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த ஜெயராணி
தண்ணீரை நிறுத்தினாள்.
அந்தச் செவ்வாய் போனில்
எத்தனை வண்டி என்று கேட்டவள் அவள்.

நாளை இரவு பிளைட்.
ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம்.
பெட்டி கட்டும்போது பார்க்கிறேன்,
கஞ்சிரா இன்றைக்கு அடுப்புக்கு மேலே இல்லை,
ஆணியிலேயே நனைந்து தொங்குகிறது.
மறந்துவிட்டாயா என்றேன்.
"ஈரத்தோடயே கொண்டு போங்க.
அங்க ஒரு பாட்டுக்காவது காணும்."