ஈ கட்டுதல்

ஆனி பிறந்துவிட்டால் எமரால்டு கடைவீதியில்
மழைதான் வாடிக்கையாளர்.
செல்போன் பழுது பார்க்கும் என் கடையில்
நான் ஈ ஓட்டுவதாக
எதிர் பேக்கரி சேவியர் சொல்லிச் சிரித்தார்.
இந்தக் குளிரில் ஈ ஏது?
இருந்தது மொத்தம் மூன்று,
ஒரு தகர டப்பாவுக்குள்.

ஏரியில் விழுந்த போனைக் கொடுத்தவர்
டப்பாவை மேசைமேல் மறந்துவிட்டுப் போனார்.
குன்னூர்க்காரர், ரசீதில் ஆ. ஞானதுரை.
வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார்.
எந்த வெள்ளி என்று நான் கேட்கவில்லை.

திறந்து பார்த்தேன். தொழில் புத்தி.
முள்ளின்மேல் இறகு, நூல், ஏதோ மயிர்.
டிரவுட் மீனுக்கென்று கட்டிய பொய் ஈ,
அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது.

எதையும் பிரித்துப் பார்த்தே கற்றவள் நான்:
மிக்சி, ரேடியோ, ஒரு கல்யாணம்.
லென்ஸ் விளக்கை இழுத்துவைத்து
இடுக்கியால் தலைமுடிச்சைத் தளர்த்தினேன்.
கடைசியாகக் கட்டியது முதலில் அவிழ்ந்தது.
பிறகு இறகு, சுருள் சுருளாக.
பிறகு செம்புக்கம்பி. அது எனக்குத் தெரிந்த கம்பி,
ஸ்பீக்கர் காயிலில் சுற்றுவது.
வெறும் முள் மிஞ்சியபோது
கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது,
டார்ச்சை எப்போது வாயில் கவ்வினேன் என்று நினைவில்லை.

பிரித்ததை மூடாமல் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

ஊட்டியில் வாங்கிய பன்னிரண்டு முள்.
லிங்கியம்மா வீட்டுச் சேவலின் கழுத்திறகு நான்கு
(விலை ஒரு பிஸ்கட், சேவலுக்கு).
ஜாக்கெட் தைக்கும் பழுப்பு நூல்.
என் கம்பளித் தொப்பியில் பிய்த்த பஞ்சு.

முதல் ஈ சாக்கடை அடைப்பில் எடுத்தது போலிருந்தது.
அடுத்ததில் நூல் அறுந்தது.
மூன்றாவதில் பனிவெடிப்பு விரலில் நூல் சிக்கி
என் தோலும் ஒரு சுற்று உள்ளே போனது.
நான்காவது அழகாக வந்தது,
ஆனால் தலையில் நூலைக் குவித்ததில்
முள்ளின் காது அடைத்துப்போனது.
செவிட்டு ஈ. நரம்பு நுழையவில்லை.
காதுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட வேண்டும்.
அதைச் சொல்ல நான்கு முள் செலவானது.

கடைசி முடிச்சின்மேல் டிஸ்ப்ளே ஒட்டும் பசை ஒரு சொட்டு,
நீல விளக்கில் பத்து நொடி.
ஈ என்று எழுதி இரண்டு புள்ளி வைப்பது போல;
வைக்காவிட்டால் அது வேறு ஏதோ கிறுக்கல்.

மழை விட்ட ஓர் இரவு டியூப்லைட்டில்
நிஜமான ஒன்று வந்து ஒட்டியது.
லென்ஸில் பார்த்தேன். மூன்று வால், முடியளவு.
செல்லோடேப்பில் கோடு கிழித்த மாதிரி இறக்கை.
என்ன மெலிவு!
நான் கட்டியதெல்லாம் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவை.
பாதிப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன்.

கலங்கல் தெளிந்த ஞாயிறு, சீட்டு எழுதி வாங்கி,
சேவியரின் மைத்துனன் கோலோடு
அவலாஞ்சி ஓடையில் நின்றேன்.
காலில் இரண்டு அட்டை.
கல்லின் நிழலிலிருந்து ஒரு மீன் எழுந்து
ஈயின் அடியில் வந்து நின்றது,
ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று
பேட்டரியைத் திருப்பிப் பார்க்கும் கஸ்டமரைப் போல.
வாலை ஒருமுறை அசைத்தது. போய்விட்டது.
மதியம்வரை எல்லா மீனும் அதே பதில்.

ஞானதுரை ஆடி மூன்றாம் வெள்ளி வந்தார்.
போனை ஆன் செய்து பார்த்தார்.
நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார்.
டப்பாவைத் திறந்தபோது
நான் குனிந்து விழாத ஸ்குரூவைத் தேடினேன்.
ஒன்று, இரண்டு என்று தொட்டு எண்ணி
மூன்றாவதை வெளிச்சத்தில் பிடித்தார்.
அதில் முள் மட்டும்தான் அசல்.

“ஸ்காட்லாந்து சாமான்மா இது,
நம்ம ஊர்ல யாருக்கும் கட்ட வராது.”

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
குடையை விரித்துப் போனார்.

சந்தோஷப்பட்டிருக்கலாம்.
ஆனால் அந்த மீன் பார்த்த பார்வைதான்
எனக்குள் உட்கார்ந்திருக்கிறது.
இறக்கை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய வேண்டும்.
கிடுக்கியில் புது முள்ளைப் பூட்டினேன்.